நாயின் நீர்க்கடுப்பை யார் எழுதி வைப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுநீரை அடக்க முடியாமல் அவதிப்படும் குழந்தைகளுக்குச் சிறுநீர்ப்பையைப் பெரிதாக்கிக் கொடுக்கும் அறுவை சிகிச்சைகள் பற்றித் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வெளியான கட்டுரையை இருமுறை படித்தேன். குடலிலிருந்தோ இரைப்பையிலிருந்தோ ஒரு துண்டை எடுத்துச் சிறுநீர்ப்பையோடு சேர்த்துத் தைப்பதை எளிய தமிழில் விளக்கியிருந்தார்கள், அதற்கு நன்றி. ஆனால் இரைப்பைத் துண்டைப் பற்றிய பத்தியில், விலங்குகளில் வெற்றிகரமாகச் சோதித்த பிறகே மனிதர்களுக்குச் செய்யப்பட்டது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். முப்பத்தொரு ஆண்டுகள் கால்நடை மருத்துவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்த வகைச் சிகிச்சை செய்துகொண்ட ஒரு சிறுவனுக்குத் தாத்தா முறையும் ஆகிறேன். அந்த ஒரு வரியை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. எந்த விலங்கு, எத்தனை காலம் வைத்துக் கவனித்தார்கள், எதை அளந்தார்கள், எதை அளக்கவே முடியாமல் போனது என்பவற்றைச் சொல்லாமல் 'வெற்றி' என்று மட்டும் எழுதுவது, உயிர் கொடுத்த விலங்குக்கும் நியாயமாகாது, நோயாளிக்கும் நியாயமாகாது.

முதலில் இந்தச் சிகிச்சை யாருக்குத் தேவைப்படுகிறது என்பதைச் சற்று விளக்கிவிடுகிறேன். முதுகெலும்பு முழுமையாக மூடாமல் பிறக்கும் குழந்தைகள், அடிவயிற்றில் சிறுநீர்ப்பை திறந்தபடியே வெளியே தெரியப் பிறக்கும் குழந்தைகள், சிறுநீர்க் குழாயில் சவ்வடைப்புடன் பிறக்கும் ஆண் குழந்தைகள் ஆகியோரில் சிலருக்குச் சிறுநீர்ப்பை வளர வளர விரிந்து கொடுக்காமல் சின்னதாகவும் தடித்தும் போய்விடுகிறது. அதற்குள் அழுத்தம் கூடும்போது சிறுநீர் மேல்நோக்கித் தள்ளி, நாளடைவில் இரண்டு சிறுநீரகங்களையும் கெடுத்துவிடும். 1972ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜாக் லேப்பிடஸ் என்ற மருத்துவர், நோயாளியே நாள்தோறும் சில முறை சுத்தமான ரப்பர் குழாயைச் செருகிச் சிறுநீரை வெளியேற்றிக்கொள்ளலாம் என்று காட்டியது பெரிய திருப்பம். அதனாலும் மருந்துகளாலும் பல குழந்தைகள் அறுவை சிகிச்சை இல்லாமலே தப்பித்துக்கொள்கிறார்கள். அப்படியும் அழுத்தம் குறையாதவர்களுக்குத்தான் சிறுநீர்ப்பையைப் பிளந்து, வேறொரு உறுப்பின் துண்டை ஒட்டுப்போட்டுப் பெரிதாக்க வேண்டியிருக்கிறது.

வழக்கமாக அதற்கு எடுப்பது சிறுகுடல். என் தங்கை மகளின் பையனுக்கு ஏழு வயதில் அப்படித்தான் செய்தார்கள். இப்போது அவனுக்குப் பதினொன்று. குடல் எங்கே போய் உட்கார்ந்தாலும் தன் குணத்தை விடாது என்பதை அவன் வீட்டில்தான் கண்ணால் பார்த்தேன். குடலின் வேலை சளியைச் சுரப்பது. சிறுநீர்ப்பையில் வைத்துத் தைத்த பிறகும் அது சுரந்துகொண்டேதான் இருக்கிறது. அந்தச் சளி தேங்கினால் குழாய் அடைக்கும், கல் கட்டும், கிருமி சேரும். அதனால் மாலையில் பள்ளிவிட்டு வந்ததும், ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் காய்ச்சி ஆறவைத்த உப்புத் தண்ணீரை ஏற்றிக் குழாய் வழியே உள்ளே விட்டு, மெல்ல இழுத்து எடுக்க வேண்டும். வெளியே வருவது வடித்த கஞ்சியைப் போல வெள்ளையாக, இழை இழையாக இருக்கும். "தாத்தா, இன்னைக்குக் கஞ்சி கம்மியாத்தான் வருது" என்று அவனே சொல்வான். சளி மட்டும் அல்ல, உறிஞ்சுவதும் குடலின் குணம். சிறுநீரோடு வெளியே போக வேண்டிய அமிலத்தையும் குளோரைடு உப்பையும் அந்தத் துண்டு மீண்டும் இரத்தத்துக்குள் உறிஞ்சிக்கொள்கிறது. சிறுநீரகம் நன்றாக இருந்தால் அதைச் சமாளித்துவிடும். சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருந்தால் இரத்தத்தில் அமிலம் ஏறும், எலும்பு வலுவிழக்கும், வளர்ச்சி குன்றும். எங்கள் பையனுக்கும் இதற்காகவே சோடா மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

இரைப்பையின் மீது அறுவை சிகிச்சை நிபுணர்களின் கண் போனது இதனால்தான். இரைப்பை அமிலத்தை உறிஞ்சுவதில்லை. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வெளியே தள்ளுவதுதான் அதன் தொழில். ஆகவே இரைப்பைத் துண்டைச் சிறுநீர்ப்பையில் வைத்தால் உடலில் தேங்கும் அமிலம் சிறுநீரோடு வெளியேறும், சளி குறையும், அமிலச் சூழலில் கிருமியும் எளிதில் தங்காது என்று கணக்குப் போட்டார்கள். சிறுநீரகம் பழுதான குழந்தைக்கு இதைவிடப் பொருத்தமான திசு வேறு இல்லை என்று தோன்றியதில் வியப்பில்லை. காகிதத்தில் பார்த்தால் இன்றைக்கும் அது அழகான யோசனைதான்.

இந்த யோசனை முதலில் நாய்களின் உடலில்தான் சோதித்துப் பார்க்கப்பட்டது. குடல் துண்டின் வரலாறும் நாயிலிருந்து தொடங்குவதுதான்: 1888இல் இத்தாலியில் டிசோனி, ஃபோஜி என்ற இருவர் நாயின் குடலைக் கொண்டு சிறுநீர்ப்பை செய்து பார்த்தார்கள், ஏறத்தாழ பத்தாண்டு கழித்து மிகுலிச் என்ற ஐரோப்பிய அறுவை சிகிச்சை நிபுணர் அதை மனிதருக்குச் செய்ததை வெளியிட்டார். இரைப்பைக்கு வந்தால், 1956இல் சினைக்கோ என்பவர் இரைப்பைத் துண்டிலிருந்து செயற்கைச் சிறுநீர்ப்பை அமைப்பது பற்றியும், சிறுநீர் பட்டால் அதன் சுரப்பு என்னவாகிறது என்பது பற்றியும் எழுதினார். 1972இல் ஹாங்காங்கில் லியோங் சே-ஹுங், ஜி. பி. ஓங் ஆகிய இருவர் நாய்களில் இரைப்பைத் துண்டு கொண்டு சிறுநீர்ப்பையைப் பெரிதாக்கியதை வெளியிட்டார்கள். லியோங் பின்னர் அதை மனிதர்களுக்கும் செய்தார். 1980களில் அமெரிக்காவின் இண்டியானாவில் மைக்கேல் மிட்சலின் குழுவினர், இரைப்பைத் துண்டு வைத்த நாய்களையும் பெருங்குடல் துண்டு வைத்த நாய்களையும் ஒப்பிட்டார்கள். இரண்டு வகை நாய்களுக்கும் உப்புக் கரைசலும் அமிலமும் கொடுத்து, உடல் அதை எப்படிக் கையாள்கிறது என்று அளந்து 1987இல் வெளியிட்டார்கள். மறு ஆண்டே அதே குழு, மிகவும் நலிந்த நோயாளிகளுக்கு இரைப்பைத் துண்டு ஒரு மாற்று வழி என்று மனிதர்களுக்குச் செய்த அனுபவத்தை எழுதியது. அதன் பிறகு பல நாடுகளில் குழந்தைகளுக்கு இந்தச் சிகிச்சை செய்யத் தொடங்கினார்கள்.

அறுவை சிகிச்சை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இது அரைகுறை வேலை அல்ல. இரைப்பையின் வெளிவளைவிலிருந்து ஆப்பு வடிவத்தில் ஒரு துண்டை வெட்ட வேண்டும். அந்த வளைவை ஒட்டி ஓடும் இரத்தக் குழாயை அறுக்காமல், துண்டோடு சேர்த்தே நீளமாகப் பிரித்தெடுத்து, வயிற்றின் பின்புறமாக இடுப்புக்குழி வரை இறக்க வேண்டும். குழாய் முறுகினாலோ இழுபட்டாலோ துண்டு செத்துவிடும். பிறகு பிளந்த சிறுநீர்ப்பையின் விளிம்போடு நீர் கசியாமல் தைக்க வேண்டும். ஆப்பு வெட்டிய இரைப்பையையும் மூட வேண்டும். இதை நாயில் கற்றுத் தேர்ந்தபிறகு குழந்தையின் வயிற்றைத் திறந்தார்கள் என்பதில் எனக்கு வருத்தம் இல்லை. அப்படிக் கற்காமல் திறந்திருந்தால்தான் வருந்தியிருப்பேன். துண்டு உயிரோடு இருக்குமா, தையல் தாங்குமா, கொள்ளளவு கூடுமா, இரத்தத்தின் உப்புக்கணக்கு என்னவாகும் என்ற கேள்விகளுக்கு நாய்கள் நேர்மையாகப் பதில் சொல்லிவிட்டன.

கேட்கப்படாத ஒரு கேள்விக்குப் பதில் குழந்தைகளிடமிருந்து வந்தது. 1993இல் மிட்சலின் குழுவே வெளியிட்ட ஆய்வில், இரைப்பைத் துண்டு வைத்த குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குக் கடும் நீர்க்கடுப்பும், சிறுநீரில் இரத்தமும், அடிவயிற்று வலியும் வந்தது தெரிந்தது. இரைப்பைத் துண்டும் தன் குணத்தை விடவில்லை. வாய் வழியே உணவு உள்ளே போகும்போது, உண்மையான இரைப்பை சுரக்கிறதோடு கூட, இடுப்புக்குழியில் இருக்கும் துண்டும் இரத்தத்தில் வரும் ஹார்மோனின் ஏவலில் அமிலத்தைச் சுரக்கிறது. அந்த அமிலம் சிறுநீர்க் குழாயைச் சுட்டது. சிறுநீர் கசிந்த இடங்களில் தோலைப் புண்ணாக்கியது. வயிற்றுப் புண்ணுக்குக் கொடுக்கும் மாத்திரைகளையும், சோடா கரைத்த நீரால் சிறுநீர்ப்பையைக் கழுவுவதையும் வைத்து அதை ஓரளவுக்கு அடக்க வேண்டியிருந்தது. வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் சில குழந்தைகளுக்குக் குளோரைடு அளவுக்கு மீறி இழந்து, இரத்தம் காரத்தன்மை அடைந்து, உயிருக்கே ஆபத்தான நிலை உண்டாயிற்று.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. முதுகெலும்புக் குறையுடன் பிறந்த குழந்தைகளில் பலருக்கு அந்தப் பகுதியில் உணர்ச்சி குறைவு. அமிலம் சுட்டாலும் அவர்களுக்கு வலி அவ்வளவாகத் தெரியவில்லை. உணர்ச்சி சரியாக இருந்த குழந்தைகள்தாம், குறிப்பாகச் சிறுநீர்ப்பை திறந்தபடி பிறந்தவர்கள்தாம், துடித்தார்கள். அதைப் போலவே, சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்து சிறுநீரே வராத குழந்தைகளில், அமிலத்தைக் கரைத்து நீர்க்கச் செய்ய ஒன்றும் இல்லாததால் காய்ந்த சிறுநீர்ப்பையில் புண் ஏற்படும் அபாயம் மிகுந்தது. சிறுநீரகம் பழுதானவர்களுக்காகவே விரும்பித் தேர்ந்தெடுத்த திசு, சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களிடத்தில்தான் மிக மோசமாக நடந்துகொண்டது. ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட நாய்களோ பிறவிக்குறை இல்லாதவை. அவற்றின் சிறுநீரகங்கள் சிறுநீரைத் தந்துகொண்டிருந்தவை.

நாய்க்கு எரிச்சல் இருந்திருக்காதா என்று வாசகர்கள் கேட்கலாம். என் தொழில் அனுபவத்திலிருந்து ஒன்றைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சைக்கிள் கடைக்காரர் தம் ராஜபாளையம் பெட்டை நாயைக் கூட்டிக்கொண்டு வந்தார். "சார், பருவத்துக்கு வந்திருக்கு போல, ஒரு மாசமா ரத்தம் சொட்டுது, நக்கிக்கிட்டே இருக்கு" என்றார். என்னைப் பார்த்ததும் வாலை ஆட்டியது. கொடுத்த ரொட்டியைத் தின்றது. வாசலில் அவிழ்த்துவிடச் சொல்லிப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். வேப்பமரத்தடியில் குந்தியது, நாலு சொட்டு விழுந்தது. இரண்டு எட்டு நடந்து மறுபடியும் குந்தியது, ஒன்றும் வரவில்லை. முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு அப்படியே நின்று, திரும்பிப் பின்புறத்தை நக்கியது. நக்கி நக்கி அந்த இடத்தில் மயிரே இல்லை. அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தபோது, கூழாங்கல்லைப் போலக் கையில் தட்டுப்பட்டது கல். அறுத்து எடுத்தபோது கோழிமுட்டையில் பாதி அளவு இருந்தது. ஒரு மாதம் முழுவதும் அந்த நாய் வலியோடு இருந்திருக்கிறது. வளர்த்தவர், அதுவும் பாசமாக வளர்த்தவர், அதைப் பருவம் என்று எடுத்துக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். நாய் வலியை மறைத்துக்கொள்ளும் பிராணி. சோறு தின்கிறது, வாலை ஆட்டுகிறது என்பதெல்லாம் நலமாக இருக்கிறது என்பதற்குச் சாட்சி ஆகாது.

பட்டமேற்படிப்பு நாட்களில், நாய்களுக்குச் செய்த குடல் அறுவை ஆய்வுகளில் உதவியாளனாக நின்றிருக்கிறேன். காலையும் மாலையும் கூண்டுக்குப் போய்க் குறிப்பெடுப்பது என் வேலை. உடல்சூடு, நாடி, மூச்சு, உணவு, சிறுநீரின் அளவு என்று நோட்டில் கட்டம் கட்டியிருக்கும். வலிக்கென்று ஒரு கட்டம் இல்லை. எங்களில் யாருக்கும் அது ஒரு குறையாகத் தோன்றவில்லை. உடல்சூடு இயல்பு, உணவு உண்டது என்று எழுதி மூடிவிடுவேன். கூண்டின் மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்த நாய்களை நான் பார்த்தேன், ஆனால் எழுதவில்லை. அந்தக் குறிப்புகளை நம்பி யாராவது நாய் நலமாக இருந்தது என்று முடிவு செய்திருந்தால், அதில் என் பங்கும் உண்டு. இது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். நாயின் வலியை முறையாக அளப்பதற்கான ஓர் அளவுகோலை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வகுத்து வெளியிட்டதே 2001ஆம் ஆண்டுதான். நிற்பது எப்படி, தையலை நக்குகிறதா, தொட்டால் என்ன செய்கிறது, கூப்பிட்டால் வருகிறதா என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடும் முறை அது. இரைப்பைத் துண்டு ஆய்வுகள் நடந்த காலத்தில் அப்படி ஒரு கருவியே கையில் இல்லை.

வலி ஒரு பக்கம் இருக்க, நாயின் இரைப்பையும் மனிதனின் இரைப்பையும் ஒன்றல்ல. பட்டினி கிடக்கும் நாயின் இரைப்பை மிகக் குறைவாகவே அமிலம் சுரக்கும். உணவைக் கண்டால்தான் பெருகும். மனித இரைப்பையோ வெறும் வயிற்றிலும், நள்ளிரவிலும் சுரந்துகொண்டே இருக்கும். சிறுநீர்ப்பையில் வைக்கும் துண்டுக்கு இந்த வேற்றுமை சின்ன விஷயம் அல்ல. பிற்பாடு 1990களில், அமிலம் சுரக்கும் உட்சவ்வை உரித்துவிட்டுத் தசையை மட்டும் ஒட்டுப்போடலாம் என்று செம்மறியாடுகளில் முயன்றார்கள். நல்ல யோசனைதான். ஆனால் செம்மறியாட்டின் வயிறு நான்கு அறைகள் கொண்டது. அமிலம் சுரப்பது நான்காவது அறை மட்டுமே. 'ஆட்டின் வயிற்றைக் கொண்டு' என்று செய்தித்தாளில் படிக்கும் ஒருவர், தம் வயிற்றைப் போன்ற ஒன்றைத்தான் மனத்தில் நினைத்துக்கொள்வார். எந்த விலங்கு என்பதோடு எந்த அறை என்பதையும் கேட்கத்தான் வேண்டும்.

காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எலி இரண்டு மூன்று ஆண்டுகள் வாழும். நாய் பன்னிரண்டு பதிமூன்று. ஆய்வுக்கூடத்தில் அவ்வளவு காலம் யாரும் வைத்திருப்பதில்லை; சில வாரங்களிலோ மாதங்களிலோ முடித்துவிடுகிறார்கள். ஏழு வயதில் இந்தச் சிகிச்சை செய்துகொள்ளும் குழந்தையோ அறுபது எழுபது ஆண்டுகள் அந்தத் துண்டோடு வாழ வேண்டும். இரைப்பைத் துண்டு வைத்தவர்களில் சிலருக்குப் பத்தாண்டுகளுக்கும் மேல் கழித்து அந்தத் துண்டிலும் அதன் தையல் ஓரத்திலும் புற்றுநோய் வந்ததை 2007, 2008ஆம் ஆண்டுகளில் வெளியான மருத்துவ அறிக்கைகள் சொல்லின. ஆனால் 1993லேயே, எலிகளின் சிறுநீர்ப்பையில் இரைப்பை, குடல் துண்டுகளை வைத்துச் செய்த ஆய்வில் கட்டிகள் உருவானதை அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதியிருந்தார்கள். ஆக, விலங்கு எச்சரிக்கவில்லை என்று நாம் சொல்லிவிட முடியாது. ஓரிடத்தில் நாய் நம்பிக்கை கொடுத்தது. வேறோரிடத்தில் எலி எச்சரிக்கை கொடுத்தது. நம்பிக்கையைப் பரப்பிய வேகத்தில் எச்சரிக்கையைப் பரப்பவில்லை. இன்று பெரும்பாலான மருத்துவமனைகளில் இரைப்பைத் துண்டு வைக்கும் வழக்கம் மிகவும் அருகிவிட்டது. தங்கள் கட்டுரையில் அதைக் குடலுக்குச் சமமான ஒரு வழியைப் போல எழுதியிருப்பதைப் படித்து ஏதேனும் ஒரு தாய் தகப்பன் மருத்துவரிடம் போய்க் கேட்கக்கூடும் என்பதும் நான் இதை எழுத ஒரு காரணம்.

இவ்வளவும் எழுதியதால், விலங்குகளில் ஆய்வே கூடாது என்று சொல்கிறேன் என எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்படிச் சொல்பவர்களின் இரக்கத்தை மதிக்கிறேன். ஆனால் அவர்களோடு நிற்க என்னால் இயலாது. நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேலாக நாய்களின் உடலில் கற்ற பாடம் இல்லாவிட்டால், எங்கள் பையனின் சிறுநீரகங்கள் இந்நேரம் கெட்டுப்போயிருக்கும். ஒவ்வொரு முறை அந்தக் கஞ்சியைக் கழுவி ஊற்றும்போதும் எனக்கு அந்த நாய்களின் நினைவு வராமல் இருப்பதில்லை. கணினி மாதிரிகளும், ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் திசுக்களும் நச்சுத்தன்மையைச் சோதிக்கப் பெரிதும் உதவுகின்றன. ஆனால் தையல் போட்ட துண்டு உயிருள்ள உடலில் இரத்த ஓட்டத்தோடு ஒட்டிக்கொள்ளுமா என்பதை அவற்றிடம் கேட்டு முழுமையான பதில் பெற முடியாது.

அதே நேரத்தில், விலங்கில் நடந்ததெல்லாம் மனிதரில் நடக்கும் என்று நம்புவோருக்கும் ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். குடலும் வேண்டாம் இரைப்பையும் வேண்டாம், நோயாளியின் சொந்த உயிரணுக்களையே வளர்த்துச் சிறுநீர்ப்பை செய்துவிடலாம் என்று அமெரிக்காவில் அந்தோனி அட்டாலாவின் குழு முயன்றது. 1999இல் நாய்களில் கிடைத்த பலன் உலகமே வியக்கும்படி இருந்தது. 2006இல் ஏழு இளம் நோயாளிகளுக்குச் செய்ததை வெளியிட்டார்கள். செய்தித்தாள்கள் எல்லாம் கொண்டாடின. அதே வகைச் சிகிச்சையை முதுகெலும்புக் குறையுள்ள குழந்தைகளுக்கு முறையாகச் செய்து பார்த்த ஆய்வு 2014இல் வெளிவந்தபோது, சிறுநீர்ப்பையின் விரிந்துகொடுக்கும் தன்மை எதிர்பார்த்தபடி கூடவில்லை என்பதும், கடும் பக்கவிளைவுகள் நேர்ந்தன என்பதும் தெரிந்தன. நலமான நாயின் சிறுநீர்ப்பையும், பிறந்ததிலிருந்து நரம்பின் கட்டுப்பாடு இல்லாமல் தடித்துப்போன ஒரு குழந்தையின் சிறுநீர்ப்பையும் ஒரே மண் அல்ல. ஒன்றில் முளைத்த விதை மற்றதில் முளைக்கும் என்று எண்ண முடியவில்லை.

நம் நாட்டில் இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960ஆம் ஆண்டிலேயே வந்தது. விலங்குகளில் செய்யும் ஆய்வுகளைக் கண்காணிக்க அச்சட்டத்தின் கீழ் 1964இல் ஒரு குழு அமைந்தது. 1998இல் விதிகள் வந்தன. ஆய்வு செய்யும் ஒவ்வொரு நிறுவனத்திலும் விலங்கு நெறிமுறைக் குழு இருக்க வேண்டும்; நாய் போன்ற பெரிய விலங்குகளில் ஆய்வு என்றால் மத்தியக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். ஆய்வு முடிந்த விலங்குகளுக்கு மறுவாழ்வு கொடுப்பதையும் அக்குழுவின் வழிகாட்டுதல்கள் வலியுறுத்துகின்றன. அந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, ஆய்வுகளைப் பற்றித் தகுந்த பதிவேடுகள் வைக்கப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தப் பதிவேடுகள் அலமாரிக்குள் இருக்கின்றன என்பதுதான் குறை. மனிதர்களில் செய்யும் மருத்துவ ஆய்வுகளை 2009ஆம் ஆண்டு முதல் பொதுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவு செய்வதைக் கட்டாயமாக்கியிருக்கிறோம். யார் வேண்டுமானாலும் அதைத் திறந்து பார்க்கலாம். அறுவை சிகிச்சை சார்ந்த விலங்கு ஆய்வுகளுக்கும் அதே போன்ற ஒரு பதிவேடு வேண்டும் என்று கேட்கிறேன். எத்தனை விலங்குகளோடு தொடங்கினார்கள், எத்தனை இறந்தன, எதனால் இறந்தன, எவ்வளவு காலம் கவனித்தார்கள் என்பது அதில் இருக்க வேண்டும். பலன் கிடைக்காத ஆய்வும் அதில் இடம்பெற வேண்டும். இல்லாவிட்டால் அதே ஆய்வை இன்னொருவர் இன்னும் பத்து நாய்களில் செய்வார். வலிக்கென்று ஒரு கட்டம் வேண்டும். அதை நிரப்புபவர் அறுவை சிகிச்சை செய்தவராக இல்லாமல், நாள்தோறும் கூண்டருகே நிற்கும் கால்நடை மருத்துவராக இருக்க வேண்டும். சிறுநீர்ப்பை ஆய்வு என்றால் நாய் எத்தனை முறை குந்துகிறது, எவ்வளவு நேரம் குந்தியிருக்கிறது, எங்கே நக்குகிறது என்பதைக் காணொளியில் பதிவு செய்வது இன்றைக்குக் கடினமான காரியமே அல்ல. ஆய்வு முடிந்ததும் எல்லா நாய்களையும் கொன்று திசுவைப் பார்ப்பதற்குப் பதிலாகச் சிலவற்றையாவது வீடுகளில் வளர்க்கக் கொடுத்து, அவற்றின் ஆயுள் முடியும் வரை ஆண்டுதோறும் பரிசோதித்தால், மாதக் கணக்கில் கிடைக்கும் பதில் ஆண்டுக் கணக்கில் கிடைக்கும். அப்படி ஒரு நாயை எடுத்து வளர்க்க என் வீட்டிலும் இடம் உண்டு.

தங்கள் நாளிதழிடம் நான் கேட்பது இதைவிடச் சிறியது. 'விலங்குகளில் வெற்றி' என்று எழுத நேரும்போதெல்லாம், எந்த விலங்கு, எத்தனை, எவ்வளவு காலம் என்ற மூன்று விவரங்களையும் அதே வாக்கியத்தில் சேர்த்து எழுதும்படி மருத்துவப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் உதவி ஆசிரியர்களுக்குச் சொல்லுங்கள். அந்தக் கட்டுரையின் தொடர்ச்சி வெளிவருவதாக இருந்தால், இரைப்பைத் துண்டு முறை ஏன் கைவிடப்பட்டு வருகிறது என்பதையும் ஒரு பத்தியில் விளக்கி வெளியிட வேண்டுகிறேன். என் தங்கை மகள் அந்தக் கட்டுரையை வெட்டி வைத்துக்கொண்டு, "மாமா, குடலுக்குப் பதிலா இரைப்பையை வச்சிருந்தா பிள்ளைக்கு இந்தக் கஞ்சித் தொல்லை இருந்திருக்காதுல்ல?" என்று என்னைக் கேட்டாள். அவளுக்கு நான் வாயால் சொன்ன பதிலைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். அவளைப் போல அந்தக் கட்டுரையை வெட்டி வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் அது அச்சில் போய்ச் சேர வேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்,
திருநெல்வேலி